நெருப்புக்கு ஒரு நேரம், குளியலுக்கு ஒரு நேரம்

அடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்துச் சோளக்காட்டை எட்டும்போதே காற்றின் குணம் மாறிவிடும். கொல்லிமலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. கீழே நாமக்கல்லில் விடியற்காலை இதமாக இருக்கும் நாளில்கூட மேலே வாசலூர்பட்டியில் போர்வையை விட்டு எழ மனம் வராது. அங்குள்ள படகு இல்லத்துக்கு வரும் சுற்றுலாப் பயணிக்கு அந்தக் குளிர் ஒருநாள் இன்பம். அங்கேயே குடியிருந்து, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கிளப்பி, மிளகுக் கொடிக்கும் காப்பித் தோட்டத்துக்கும் போகவேண்டிய குடும்பத்துக்கு அது தினசரி வேலை. யாராவது முதலில் எழுந்து சுடுதண்ணி வைத்தாக வேண்டும்.

அந்த 'யாராவது' பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். ஈர விறகு, கண்ணெரியும் புகை, ஊதி ஊதி வறண்ட தொண்டை, ஒவ்வொருவராகக் குளிக்கக் குளிக்க ஆறிப்போகும் அண்டா. இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் அடுப்பையே குறை சொல்வது வழக்கம். அடுப்புக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்கு வேறொன்றுக்கு: நெருப்பு எரியும் நேரமும் தண்ணீர் வேண்டிய நேரமும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற கட்டாயத்துக்கு. அந்தக் கட்டாயத்தை உடைக்கும் பொருள் ஒரு தொட்டி. விறகு பாய்லரைப் பற்றிய இந்த அத்தியாயம் பாதிக்கு மேல் தொட்டியைப் பற்றியது.

ஐந்து வாளியின் விலை

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.2 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். நம்மைச் சுற்றியுள்ள பொருள்களில் தண்ணீர் அளவுக்கு வெப்பத்தை விழுங்குபவை மிகக் குறைவு. அதே எடை இரும்பைச் சூடாக்க இதில் ஒன்பதில் ஒரு பங்கு போதும்.

ஐந்து பேர் உள்ள வீடு, ஆளுக்கு 20 லிட்டர் வாளி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 லிட்டர். காலையில் தொட்டித் தண்ணீர் 18 டிகிரி, உடம்புக்கு இதமான சூடு 40 டிகிரி. ஏற்றவேண்டியது 22 டிகிரி. பெருக்கினால் சுமார் 9.2 மெகாஜூல். மின்சாரக் கணக்கில் இது கிட்டத்தட்ட 2.6 யூனிட். சமையல் எரிவாயுவில் போட்டால் 14.2 கிலோ சிலிண்டர் குளியலுக்கு மட்டுமே ஒன்றரை மாதத்தில் தீர்ந்துவிடும். சமையலறைக்கு சிலிண்டர் வந்த பிறகும் குளியல் தண்ணீருக்கு விறகடுப்பை நாட்டுப்புற வீடுகள் கைவிடாததன் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 15 மெகாஜூல் தரும். அப்படியானால் ஐந்து வாளிக்கும் சேர்த்து 600 கிராம் சுள்ளியே போதுமே! ஆனால் மூன்று கல் வைத்து அண்டா ஏற்றிய அடுப்பில் அந்த வேலைக்கு ஆறு கிலோ விறகு போகிறது. திறந்த அடுப்பில் எரியும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குள் சேரும். மிச்சம் ஒன்பது பங்கு கொல்லைப்புறத்தைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. குளிர்காலம் நான்கு மாதம் என்றால் ஒரு வீட்டுக்குக் கிட்டத்தட்ட முக்கால் டன் விறகு. அதையும் யாரோ ஒருவர் தலையில்தான் சுமக்கவேண்டும்.

நெருப்பைத் தண்ணீர் சூழட்டும்

திறந்த நெருப்பின் ஊதாரித்தனத்தை முதலில் அறிவியல் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர், ரம்ஃபோர்டு பிரபு என்று பட்டம் பெற்ற பெஞ்சமின் தாம்சன். அமெரிக்காவில் பிறந்து பவேரிய அரசிடம் பணியாற்றியவர். மியூனிக்கில் பீரங்கிக் குழாய் குடையும்போது எழுந்த உராய்வு வெப்பத்திலேயே, நெருப்பு இல்லாமல், இரண்டரை மணி நேரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காட்டி 1798இல் அறிவித்தார். வெப்பம் என்பது பொருளுக்குள் அடைந்து கிடக்கும் ஒரு திரவம் என்ற அக்காலக் கொள்கைக்கு அது பெரிய அடி. அதே மனிதர் ஏழைகளுக்கான பொதுச் சமையலறைகளில் அடுப்பை நாற்புறமும் மூடிக் கட்டி, விறகுச் செலவைக் குறைத்தார். நெருப்பை அடைத்து வை, போகும் வழியை நீயே தீர்மானி என்பதுதான் அவர் செய்ததன் சாரம்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய குமார் ரெட்டி 1974இல் தொடங்கிய 'அஸ்த்ரா' குழு, கர்நாடகக் கிராமங்களுக்காக வடிவமைத்த அஸ்த்ரா ஒலெ அடுப்பும் இதே வழியில்தான் போனது: மூடிய தீயறை, காற்றை அளந்து விடும் வாய், சூடான வாயு ஒரு பாத்திரத்தை விட்டு அடுத்ததைத் தடவிக்கொண்டு போகும்படியான பாதை, கடைசியில் புகைக்குழாய்.

விறகு பாய்லர் இந்தக் கருத்தை முழுக்க நிறைவேற்றுகிறது. அண்டாவில் நெருப்பு தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. பாய்லரில் நெருப்பு தண்ணீருக்கு நடுவில் இருக்கிறது. நிமிர்ந்த உருளை, அதன் நடுவே அடியிலிருந்து உச்சிவரை ஒரு குழாய், குழாயின் கால்மாட்டில் சாம்பல் தட்டும் தீயும், குழாயைச் சுற்றித் தண்ணீர். நம் ஊர் டீக்கடையில் கரி போட்டுக் காயும் செம்பு பாய்லரும் ரஷ்யாவின் சமோவாரும் இதே குடும்பம்தான். இமாச்சல மலைக் கிராமங்களில் இதை 'ஹமாம்' என்கிறார்கள். அதில் ஒரு நுட்பம் உண்டு. மேலே உள்ள புனலில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது உருளையின் அடிக்குப் போகும். அந்த அளவுக்குச் சரியாக, மேலே நிற்கும் சுடுநீர் மூக்கு வழியாக வெளியே வரும். ஊற்றினால்தான் வரும். ஆகவே பாத்திரம் ஒருபோதும் காலியாகாது, காய்ந்து ஓட்டையாகாது, அடைத்துக்கொள்ள வால்வும் கிடையாது.

இந்த அமைப்பின் பலன் எளிய பரப்பளவுக் கணக்கில் தெரியும். 40 சென்டிமீட்டர் அகலமுள்ள அண்டாவின் அடிப்பரப்பு 0.13 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 15 சென்டிமீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் உயரமும் உள்ள நடுக்குழாயின் சுவர்ப் பரப்பு 0.28 சதுர மீட்டர். இரண்டு மடங்குக்கு மேல்! அதோடு, அண்டாவின் பக்கவாட்டில் நழுவி ஓடும் வாயுவுக்கு இங்கே தப்பிக்க வழியில்லை. சூடு முழுவதும் குழாயைக் கடந்துதான் போகவேண்டும். நன்றாகச் செய்த பாய்லர் விறகின் வெப்பத்தில் 40 சதவீதத்தைத் தண்ணீருக்குள் சேர்த்துவிடும்.

செம்புக் குழாய் உயர்ந்ததா, எவர்சில்வர் போதுமா என்று கடையில் பெரிய விவாதம் நடக்கும். வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு எவர்சில்வரைவிட இருபது மடங்குக்கு மேல் கெட்டிக்காரன் என்பது உண்மை. ஆனால் அந்தத் திறமை இங்கே பெரும்பாலும் வீண். சூடான வாயுவிலிருந்து உலோகத்துக்கு வெப்பம் தாவும் இடத்தில்தான் நெரிசல். மெல்லிய தகட்டைக் கடப்பதில் நெரிசலே இல்லை. செம்புக்குக் கொடுக்கும் காசில் பாதியைக் குழாயின் உயரத்துக்குக் கொடுத்தால் லாபம் அதிகம். குழாயின் உள்சுவரில் கரி அப்பிக்கொள்ளாமல் மாதம் ஒருமுறை கம்பிப் பிரஷ் விட்டுத் தேய்ப்பது செலவே இல்லாத லாபம்.

புகை என்பது எரியாத விறகு

விறகு நேராக எரிவதில்லை. சூடேறியதும் முதலில் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகும். பிறகு மரத்தின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, எரியக்கூடிய வாயுவாகப் பிரிந்து வெளியே வரும். நாம் பார்க்கும் மஞ்சள் ஜுவாலை அந்த வாயு எரிவதுதான். எஞ்சிய கரி கடைசியில் தணலாகக் கனியும். வாயுவுக்குப் போதிய காற்றும் போதிய சூடும் கிடைக்காவிட்டால் அது எரியாமலே வெளியேறும். அதைத்தான் புகை என்கிறோம். வெள்ளையாகச் சுருண்டு எழும் புகை, காசு கொடுத்து வாங்கிய விறகை எரிக்காமலே காற்றில் விடுவது.

ஈரம் இதில் முதல் எதிரி. அப்போது வெட்டிய பச்சை மரத்தில் எடையில் பாதிவரை தண்ணீர்தான். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.26 மெகாஜூல் போய்விடும். அந்த இழப்பையும் மரத்தின் எடை குறைவையும் சேர்த்தால், பச்சை விறகு ஒரு கிலோ தருவது காய்ந்த விறகு தருவதில் பாதிதான். தீயின் சூடும் தணிந்து போவதால் புகையும் கூடும். மழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் நிற்கும் மலையில் விறகு தானாகக் காயாது. பிளந்து, தரையில் படாமல் கட்டைமேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விட்டு, ஒரு கோடையைக் கடக்க வைத்தால் 20 சதவீத ஈரத்துக்கு இறங்கும். நாலாபுறமும் தார்ப்பாயால் இறுகக் கட்டி வைத்தால் உள்ளே பூஞ்சைதான் பூக்கும்.

இரண்டாவது எதிரியை நாமே உண்டாக்குகிறோம். ஒருவர் குளித்து முடித்து அடுத்தவர் வரும்வரை தண்ணீர் ஆறக்கூடாது, கொதித்துவிடவும் கூடாது என்பதற்காகத் தீயை அடக்கி வைக்கிறோம். கட்டையை இழுத்து விடுகிறோம், காற்று வாயை மூடுகிறோம். அடங்கிய தீ சூடு குறைந்த தீ. அதில் வாயு எரியாது. புகைக்குழாயில் தாராகப் படியும், வீட்டுக்குள் புகையாக நிறையும். விறகு சுத்தமாக எரிவது அது முழு வீச்சில் எரியும்போதுதான். அப்படி எரியவிட்டால் வெப்பம் ஒரே நேரத்தில் பெருமளவில் வரும். அதை வாங்கி வைத்துக்கொள்ள இடம் வேண்டும்.

தொட்டியின் வேலை இங்கே தொடங்குகிறது. தொட்டி இருந்தால் தீயை அடக்கவேண்டிய அவசியமே இல்லை. முந்தைய நாள் மாலை, வெளிச்சம் இருக்கும்போது, கை ஓய்ந்திருக்கும்போது, காய்ந்த விறகை ஒரே மூச்சில் முக்கால் மணி நேரம் எரியவிட்டு அணைத்துவிடலாம். காலையில் நெருப்பே வேண்டாம்.

இரவைத் தாண்டும் சூடு

சூடு இரவைத் தாண்டுமா? தாண்டாது, வெறும் தகரத் தொட்டியாக இருந்தால். 100 லிட்டர் தண்ணீரை இரவு எட்டு மணிக்கு 60 டிகிரியில் போர்த்தாத தொட்டியில் விட்டுவைத்தால், 18 டிகிரிக் குளிரில் காலை ஐந்து மணிக்கு அது சுமார் 35 டிகிரிக்கு வந்துவிடும். அதாவது வெதுவெதுப்பு. ஒரு பொருள் தன் சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு அதிகம் சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஆறும் என்ற நியூட்டனின் குளிர்தல் விதி இரவெல்லாம் விழித்திருந்து வேலை செய்கிறது.

அதே தொட்டியைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்கு ராக்வூலோ, உலர்ந்த தென்னை நாரோ, இரட்டைச் சுவருக்கிடையே நெல் உமியோ வைத்து மூடிவிட்டால், காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் 55 டிகிரிக்கு மேல் இருக்கும். நாரும் உமியும் தாமாக எதுவும் செய்வதில்லை. அவற்றின் இடுக்குகளில் சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான் காவல். ஈரம் புகுந்தால் அந்தக் காவல் போய்விடும் என்பதால் மேலே தகரமோ பிளாஸ்டிக் தாளோ கட்டாயம்.

விளாவிக் குளிப்பது எல்லா வீட்டிலும் உண்டு. அந்த வழக்கம் தொட்டியின் அளவையே குறைத்துவிடுகிறது. 56 டிகிரித் தண்ணீர் 58 லிட்டரோடு 18 டிகிரித் தண்ணீர் 42 லிட்டர் சேர்த்தால் 40 டிகிரியில் 100 லிட்டர். ஐந்து வாளிக்கு 60 லிட்டர் தொட்டி போதும்! அதை 60 டிகிரிக்கு ஏற்ற, 40 சதவீதத் திறனுள்ள பாய்லரில் ஒன்றே முக்கால் கிலோ விறகு செலவாகும். மூன்று கல் அடுப்பின் ஆறு கிலோவோடு ஒப்பிடுங்கள்.

வெதுவெதுப்பாக வைப்பதைவிட 60 டிகிரியில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர் மாநாட்டில் பலரைப் பலிகொண்ட நிமோனியாவை ஆராய்ந்தபோது லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. 20 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய நீர் அதற்குப் பிடித்த இடம். 60 டிகிரியில் அது தாக்குப்பிடிக்காது.

தொட்டிக்குள் சூடு எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. 20 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டர் 998 கிராம், 60 டிகிரித் தண்ணீர் 983 கிராம். இந்த 15 கிராம் வித்தியாசத்தால் சுடுநீர் மேலே மிதக்கும், குளிர்நீர் அடியில் படுக்கும், கலக்காவிட்டால் இரண்டும் மணிக்கணக்கில் தனித்தனியாகவே நிற்கும். ஆகவே குளிர்நீர் அடியில் நுழையவேண்டும், குளிக்கும் நீரை உச்சியிலிருந்து எடுக்கவேண்டும். டிரம்மின் அடியில் குழாய் வைத்துவிட்டு 'சூடே வரலை' என்று புலம்புவது இந்த 15 கிராமை மறந்ததால்.

அதே 15 கிராம் மோட்டாரின் வேலையையும் செய்கிறது. பாய்லர் கீழே, தொட்டி மேலே என்று வைத்து இரண்டு குழாய்களால் இணைத்தால், சூடான நீர் தானாகத் தொட்டிக்கு ஏறும், ஆறிய நீர் இன்னொரு குழாயில் இறங்கும். மின்சாரம் போனாலும் ஓட்டம் நிற்காது. குழாய்க்கு விதிகள் இரண்டே: ஏறும் குழாய் எங்கும் பள்ளம் விழாமல் ஏறிக்கொண்டே போகவேண்டும், குழாய் ஓர் அங்குலத்துக்குக் குறையக்கூடாது. தொட்டியின் அடிமட்டம் பாய்லரின் தலைக்கு மேல் இருக்கவேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. தொட்டி தாழ்ந்திருந்தால் தீ அணைந்த இரவில் ஓட்டம் எதிர்த்திசையில் திரும்பி, பாய்லர் வழியாகச் சூட்டை வெளியே கொட்டிவிடும்.

தொட்டியும் பாய்லரும் ஒரே உருளையாக இருக்கும் மாடலில் இதைவிடக் கள்ளத்தனமான திருடன் ஒருவன் உண்டு: நடுக்குழாய். தீ அணைந்த பிறகும் சுற்றியுள்ள சுடுநீர் அந்தக் குழாயிலுள்ள காற்றைச் சூடாக்கும். சூடான காற்று மேலே போகும், கீழிருந்து குளிர்காற்று நுழையும். மாலையில் தண்ணீரைச் சூடாக்கிய அதே குழாய் இரவெல்லாம் அதைக் குளிர்விக்கும். தணல் முழுவதும் சாம்பலான பிறகு கீழ்க் கதவையும் குழாயின் தலையையும் மூடினால் திருட்டு நிற்கும். தணல் இருக்கும்போது மூடக்கூடாது. காரணம் அடுத்து வருகிறது.

இரண்டு ஆபத்துகள்

அரைகுறையாக எரியும் தணல் கார்பன் மோனாக்சைடு வாயுவை விடும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். மலை வாசத்தலங்களில் குளிருக்காக அறைக்குள் கரி மூட்டிக் கதவை அடைத்துத் தூங்கியவர்கள் எழாமல் போன செய்திகளை நாளிதழ்களில் படித்திருப்போம். ஆகவே பாய்லரின் இடம் வீட்டுக்கு வெளியே, தாழ்வாரத்தில். குளியலறைக்குள் தண்ணீர் மட்டும் வரட்டும்.

இரண்டாவது, அழுத்தம். 100 லிட்டர் தண்ணீர் கொதிநிலையை எட்டும்போது 4 லிட்டர் பெருகும். கொதித்து ஆவியானால் அதன் கன அளவு 1600 மடங்குக்கு மேல் விரியும். இதற்கு வெளியேற வழி விடாமல் இருபுறமும் வால்வு போட்டு மூடிய பாய்லர் வெடிகுண்டுக்குச் சமம். தொட்டியின் உச்சியிலிருந்து மேல்நிலைத் தொட்டியின் மட்டத்தைத் தாண்டி உயரும் திறந்த காற்றுக்குழாய் ஒன்று கட்டாயம் வேண்டும். அதில் எந்தக் காரணத்துக்காகவும் வால்வு கூடாது. பாய்லருக்கு அருகே சாதாரண பிவிசி குழாயும் கூடாது. 60 டிகிரிக்கு மேல் அது இளகத் தொடங்கும். இரும்பு அல்லது செம்புக் குழாயில் கொஞ்ச தூரம் வந்து பிறகு சிபிவிசிக்கு மாறலாம். இந்த மலை உயரத்தில் தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதையும் பிளம்பர் நினைவில் வைக்கவேண்டும்.

விறகு எங்கிருந்து?

கொல்லிமலையில் காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடி ஏறும் தூணாகவும் சில்வர் ஓக் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் அது. நிழலைக் குறைக்கக் கழிக்கும் கிளைகள், பிடுங்கி எறியும் கிழட்டுக் காப்பிச் செடிகளின் தண்டுகள், பலாவின் உலர்ந்த கொம்புகள் என்று தோட்டமே எரிபொருள் தரும். 2006 வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருள்களின் பட்டியலில் சுள்ளியையும் அடிக்கட்டையையும் சேர்த்திருக்கிறது. ஆனால் ஆறு கிலோ கேட்கும் அடுப்புக்குத் தோட்டக் கழிவு போதாது, காடும் தப்பாது. இரண்டு கிலோவுக்குள் அடங்கும் அடுப்புக்கு வேலியோரச் சுள்ளியே எட்டும்.

சூரிய வெந்நீர் கருவியை இதற்குப் போட்டியாக நினைக்கவேண்டியதில்லை. வெயில் அடிக்கும் மாசி முதல் வைகாசி வரை அது தனியாகவே சமாளிக்கும். மூடுபனி இறங்கும் ஐப்பசி, கார்த்திகையில் பாய்லர் கைகொடுக்கும். இரண்டுக்கும் பொதுவானது போர்த்திய தொட்டி. ஆகவே காசு குறைவாக இருந்தால் செலவின் வரிசை இது: முதலில் விறகைக் காயவைக்கக் கூரை, அடுத்துத் தொட்டிக்குப் போர்வை, பிறகு பாய்லர். கடைக்காரர் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் சொல்வார்.

உங்கள் வீட்டு அடுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு தராசும் ஒரு வெப்பமானியும் போதும். காய்ந்த விறகை நிறுத்து எரியுங்கள். தண்ணீர் எத்தனை லிட்டர், எத்தனை டிகிரி ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். லிட்டரை டிகிரியால் பெருக்கி, விறகின் கிலோவை 36ஆல் பெருக்கி, முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவது உங்கள் அடுப்பின் திறன், சதவீதத்தில். 100 லிட்டர் 22 டிகிரி ஏற 6.1 கிலோ செலவானால் விடை 10. முப்பதுக்கு மேல் வந்தால் அடுப்பை விட்டுவிட்டுத் தொட்டியைப் போர்த்துங்கள். பதினைந்துக்குக் கீழே வந்தால் முதலில் விறகின் ஈரத்தைப் பாருங்கள், பிறகு நெருப்பைத் தண்ணீருக்கு நடுவே கொண்டுபோகும் வழியைப் பாருங்கள்.